திசையன்விளைக்கு ரோடு: கோடு போட்டால் போதுமா?

திசையன்விளை பஜாரில் எதிரே ஒரு பஸ் வந்துவிட்டால், நம்ம டூ வீலரை எங்கே ஒதுக்குவது என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கு. சாத்தான்குளம், உடன்குடி, உவரி, இட்டமொழி என்று நாலு பக்கத்து வண்டியும் வந்து சேரும் ஊர். உவரியில் வைகாசி விசாகம், குலசையில் தசரா என்றால் கேட்கவே வேண்டாம். டீக்கடையில் யாரிடம் பேசினாலும் ஒரே மருந்துதான்: "ரோட்டை அகலப்படுத்தணும், சுத்துப்பாதை போடணும்." நானும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தவன்தான். 1971ஆம் வருஷத்து தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தை உட்கார்ந்து படித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

அதில் 38ஆம் பிரிவு என்று ஒன்று. திட்டத்தில் ஒரு நிலத்தை சாலைக்கு ஒதுக்கி அரசிதழில் அறிவிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்குள் கையகப்படுத்தும் வேலை நடக்கவில்லை என்றால் அந்த நிலம் விடுபட்டதாகவே கருதப்படும். இது நியாயமான பிரிவு. பனங்காடு வைத்திருப்பவர் விற்கவும் முடியாமல், வீடு கட்டவும் முடியாமல் எத்தனை வருஷம் காத்துக் கிடப்பார்? என் குறை சட்டத்தின் மேல் இல்லை. பணம் ஒதுக்காமல் வரைபடத்தில் கோடு போடும் பழக்கத்தின் மேல்தான். மூன்று வருஷம் கழிந்ததும் கோடு இருந்த இடத்தில் மனைக்கல் நட்டுவிடுவார்கள்.

மனைப்பிரிவுகள் தனிக் கதை. 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட இடத்தைப் பிரித்தால் பொதுவெளிக்கு நிலம் விட வேண்டியதில்லை. ஆகவே துண்டு துண்டாகப் போடுவதில்தான் லாபம். ஒரு மனைப்பிரிவின் தெரு அடுத்ததன் காம்பவுண்டு சுவரில் முட்டி நிற்கும். அனுமதியற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் மனை வரன்முறை ஆகிவிடும். போடாமல் விட்ட ரோடு எந்தக் கட்டணத்திலும் வராது.

இதற்கிடையே குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாச்சு. (கருப்பட்டியைக் குலசை சர்க்கரை ஆலைக்குக் கொண்டுபோக ஒரு காலத்தில் திசையன்விளை வரை சின்ன ரயிலே ஓடியிருக்கு. அதுவும் ஆலைக்காகப் போட்டதுதான், ஊருக்காக இல்லை.) நில விலை ஏற ஏற, நாளைக்கு எடுக்க வேண்டிய ரோட்டின் விலையும் ஏறும்.

குஜராத்தில் வேறு வழி பிடித்தார்கள். ஒரு பகுதியின் நிலங்களை மொத்தமாகச் சேர்த்து, ரோட்டுக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு, மீதியைச் சீரான மனையாக உரியவருக்கே திருப்பித் தருவது. அகமதாபாத்தின் 76 கிலோமீட்டர் சுற்றுச்சாலைக்கு இந்த முறை பெரிதும் கைகொடுத்தது. தமிழ்நாட்டுச் சட்டத்திலும் நிலத் திரட்டுக்கு இடம் செய்தாச்சு. ஆனால் அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வர முடியாது. பத்து ஏக்கர்க்காரர் கால்பங்கு கொடுத்தாலும் மீதி நிலத்தின் விலை உயர்ந்து ஈடாகிவிடும். இருபது சென்ட்காரருக்கு அந்தக் கால்பங்குதான் மகள் கல்யாணம். பங்கின் அளவு நிலத்தின் அளவைப் பொறுத்து மாறணும்.

திட்டம் வரைந்தால் மக்களிடம் ஆட்சேபணை கேட்டுத்தான் ஆகணும். அப்போது நம்மாட்கள் கோடு யார் வயல் வழியாகப் போகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நிலம் எடுக்கப் பணம் எந்த வருஷ பட்ஜெட்டில் வருகிறது என்பதையும் அங்கேயே எழுதிக் கொடுத்துக் கேட்கலாம்.