கொல்லனுக்குத் தெய்வம் உண்டா? எத்ருஸ்கர் செத்லான்ஸும் தொண்டைநாட்டு உலைக்களமும்

தொன்மங்களை ஒப்பிடும் தமிழ்க் கட்டுரைகளில் கிரேக்கரின் ஹெபைஸ்டோஸ், உரோமரின் வல்கன், எத்ருஸ்கரின் செத்லான்ஸ் ஆகிய மூவரையும் விசுவகர்மாவுக்கு நேராக நிறுத்தும் வழக்கம் உண்டு. இந்த நேர்வைப்பு பிழையானது. விசுவகர்மா படைப்போன், கட்டுவோன். அவன் கையில் நெருப்பு இல்லை. வச்சிரம் வடித்த வேதகாலத் துவட்டாவை வேண்டுமானால் ஓரளவு ஒப்பிடலாம். தமிழ்ச்சூழலில் கேட்கவேண்டிய வினா வேறு: இரும்பை இத்தனை சிறப்பாக ஆண்ட தொண்டைநாட்டில் உலைக்குரிய தெய்வம் சங்கப் பாடல்களில் ஏன் தோன்றவில்லை?

செத்லான்ஸைப் பற்றி அறியக் கிடைக்கும் சான்றுகளின் இயல்பை முதலில் கருதவேண்டும். எத்ருஸ்கரின் இலக்கியம் ஏறத்தாழ முழுமையாக அழிந்துவிட்டது. எஞ்சியவை உலோகப் பொருள்கள். வெண்கலக் கண்ணாடிகளின் பின்புறத்தில் அவன் தீட்டப்பட்டுள்ளான்: தினியாவின் தலையிலிருந்து மென்ர்வா பிறக்கும் காட்சியில் கோடரியோடு நிற்கிறான், பிறிதொரு கண்ணாடியில் எதூலே என்னும் துணைவனுடன் குதிரை ஒன்றை உருவாக்குகிறான். பொபுலோனியா நகரின் நாணயத்தில் ஒருபுறம் அவன் தலை, மறுபுறம் சம்மட்டியும் குறடும். எல்பா தீவின் இரும்புக்கல்லை உருக்கிய கடற்கரை ஊர் அது. அங்குக் குவிந்த இரும்புக்கிட்டத்தை மீண்டும் உருக்குவதற்காக 20ஆம் நூற்றாண்டில் அள்ளியபோது அடியில் பழங்கல்லறைகள் வெளிப்பட்டன என்பதிலிருந்து உலைகளின் பெருக்கத்தை உணரலாம். ஆக, செத்லான்ஸை நமக்குக் காட்டுபவன் புலவன் அல்லன். உலோகத்தொழிலாளியே தன் கைப்பொருளில் அவனைப் பொறித்து வைத்துள்ளான்.

தொண்டைநாட்டில் நிலை தலைகீழானது. செங்கற்பட்டுப் பகுதியின் சாணூர், குன்னத்தூர் ஆகிய பெருங்கற்கால ஈமக்களங்களை 1950களில் அகழ்ந்தபோது இரும்புக் கருவிகள் கிடைத்தன. அவற்றை வடித்தவன் தன்னைப் பற்றி எதையும் சொல்லிச் செல்லவில்லை. சொன்னவர்கள் புலவர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கொல்லன் ஓர் ஓசையாக வருகிறான். கரிய கையினன் இரும்பின்மேல் ஓங்கி அடிக்கும் கூடத்தின் ஒலிக்கு அஞ்சி, மாடத்து இறவாரத்தில் உறங்கும் ஆண்புறா துயில் கலைந்து பறக்கிறது. (கூடம் இங்கே சம்மட்டி, மண்டபம் எனக் கொண்டால் காட்சியே கெடும்.) கொல்லனின் முகமோ உலையின் தீயோ காட்டப்படவில்லை. அதே பாட்டில் தீ விரிவாகக் காட்டப்படும் இடம் நீர்ப்பெயற்றுத் துறையின் கலங்கரை விளக்கம். மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரையோடு அத்துறையை இணைப்போர் உண்டு. கலத்துக்கு வழிகாட்டும் தீ பாடுபொருளாகிறது. கருவி வடிக்கும் தீ ஆகவில்லை.

இதற்கு மறுப்பாக ஔவையாரின் புறநானூற்று 95ஆம் பாடலைக் காட்டலாம். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், பீலி சூட்டி நெய் பூசிக் காவல்மனையில் வைத்த அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் புகழ்ந்து, தம் அரசனின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். அங்கதம் என்னும் அளவோடு இப்பாடலின் வாசிப்பு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் தொண்டைமானின் வேல்கள் பெற்ற மாலையும் நெய்யும் வழிபாட்டுக்குரியவை. அந்த வழிபாட்டை எள்ளி, பழுதுபார்க்கும் கொட்டிலைப் பெருமைக்குரிய இடமாக ஔவையார் உயர்த்துகிறார். உலைக்களம் சங்கப்பாட்டில் மதிப்புப் பெறும் அரிய இடம் இது. எனினும் அம்மதிப்பும் போரின் வழியாக வந்ததே. கொல்லன் அங்கும் பேசுவதில்லை.

தெய்வம் தோன்றாமைக்கான காரணத்தைத் தொல்காப்பியத்தின் நிலப்பகுப்பில் தேடலாம். மாயோன், சேயோன், வேந்தன், வருணன் ஆகிய நால்வரும் நிலத்துக்குரியவர்கள். தொழிலுக்கெனத் தெய்வம் வகுக்கப்படவில்லை. உழவனும் பரதவனும் தம் நிலத்தோடு தெய்வம் பெற்றனர். கொல்லனோ எல்லா நிலத்திலும் வாழ்பவன். ஆகவே எந்த நிலத்தின் தெய்வமும் அவனுக்குத் தனியுரிமை ஆகவில்லை. மாறாக, அவன் வடித்த பொருள் தெய்வமாயிற்று. சிலப்பதிகாரம் புகாரின் கோட்டங்களுள் வேற்கோட்டத்தையும் வச்சிரக்கோட்டத்தையும் எண்ணுகிறது. பொபுலோனியா நாணயம் செய்வோனின் கருவியை முன்வைக்கிறது; தமிழ் மரபு செய்த படைக்கலத்தை வணங்கிச் செய்தவனை மறக்கிறது. இவ்விலக்கியச் சான்றுகளைக் கொண்டு கொல்லரிடம் தெய்வ வழிபாடே இல்லை என முடிவு கட்டுவது தவறாகும். இல்லாதது பாட்டில்தான்.

பிற்கால மரபு இவ்விடைவெளியை ஐம்முக விசுவகர்மாவால் நிரப்பியது. கொல்லர், தச்சர், கன்னார், கற்றச்சர், தட்டார் ஐவரும் அவன் முகங்களிலிருந்து தோன்றியோர் எனப்பட்டனர். இரும்புக்கு மனு, மரத்துக்கு மயன். மாமல்லபுரத்தில் இவ்வைவருள் கற்றச்சரே புகழ் முழுவதையும் பெற்றனர். அங்கு 1957இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிறுவனத்தைச் சூழ்ந்து வளர்ந்த எழுத்துகளும் மயனையே முதல்வனாகப் போற்றுகின்றன. முற்றுப்பெறாத வலையன்குட்டை, பிடாரி இரதங்களின் பாறைமுகத்தில் உளித்தடங்களை இன்றும் காணலாம். கருங்கல்லில் உளியின் முனை விரைவில் மழுங்கும். மீண்டும் மீண்டும் உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்த்தால்தான் அடுத்த கொத்து விழும். பல்லவர் கலை குறித்த ஆய்வுகள் சிற்பியின் கைத்திறனைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. அவன் அருகில் துருத்தி ஊதியவனுக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்கியவை மிகச் சில.

ஆயுதபூசை நாளில் இவ்வூர்ப் பட்டறைகளில் உளியும் சுத்தியலும் கழுவப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. சுவரில் தொங்கும் ஐம்முகப் படத்தைவிட, தரையில் கிடத்தப்பட்ட அக்கருவிகளே பொபுலோனியா நாணயத்தின் மறுபுறத்துக்கு நெருக்கமானவை. செத்லான்ஸுக்குத் தமிழில் இணை தேடும் ஆய்வாளர் தொடங்கவேண்டிய இடம் அத்தரைதான்.