சிகரமும் சுமந்தவரும்

கலைப்படைப்பொன்றை மதிப்பிடுகையில், அது எதைச் சொல்கிறது என்பதோடு எவரை ஓரமாக நிறுத்துகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். 2010ஆம் ஆண்டு வெளிவந்த ‘த வைல்டெஸ்ட் ட்ரீம்’ என்னும் விவரணப்படத்தைப் பார்த்து முடித்தபோது இவ்வெண்ணமே நம்மிடம் மேலோங்கி நின்றது.

1924ஆம் ஆண்டு யூன் 8ஆம் நாள் ஜோர்ஜ் மலோரியும் அன்ட்ரூ ஏர்வினும் எவரெஸ்ற் சிகரத்தை நோக்கிச் சென்று மறைந்தனர். அவர்கள் உச்சியை அடைந்தனரா என்பது இன்றளவும் விடைகாணாத வினா. 1999 மே 1இல், எண்ணாயிரம் மீற்றருக்கு மேலான உயரத்தில், மலோரியின் உடலைக் கண்டவர் அமெரிக்க மலையேறியான கொன்ராட் அங்கர். அவர் லியோ ஹோல்டிங் என்னும் இளைஞருடன் 2007இல் அதே பாதையில் ஏறியதே படத்தின் பொருள். இயக்கியவர் அந்தனி ஜெஃபன்.

படத்தின் சிறப்பை மறைப்பது நேர்மையான விமர்சனமாகாது. ‘இரண்டாம் படி’ எனப்படும் செங்குத்துப் பாறையில் 1975இல் சீன மலையேறிகள் பொருத்திய ஏணியை அகற்றிவிட்டு, அதன் துணையின்றியே இருவரும் ஏறுகின்றனர். அக்காலத்து உடையையும் ஆணி அறைந்த சப்பாத்தையும் அணிந்து பார்க்கின்றனர். சென்ற காலத்தைச் செயலால் உணர முயலும் இம்முயற்சி பாராட்டுக்குரியது. மலோரி நம்மைப்போல் ஒரு பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவரும் மனைவி ரூத்தும் எழுதிய கடிதங்கள் படத்திற்கு உயிரூட்டுகின்றன. மனைவியின் நிழற்படத்தைச் சிகரத்தில் வைப்பதாகக் கூறிச் சென்றவரின் உடலில் அப்படம் காணப்படவில்லை என்ற செய்தி எவரையும் உருக்கும்.

ஆயினும், அப்பாதையில் வேறு சுவடுகளும் உள. 1922 யூன் 7இல் மலோரி முன்னின்று நடத்திய ஏற்றத்தின்போது, வடக்குக் கணவாய்ச் சரிவில் பனி சரிந்து, சுமைதூக்கி வந்த எழுவர் மாண்டனர். ஆங்கிலேயர் ஒருவரும் இறக்கவில்லை. அங்கு உயிர்தப்பிய ஹவார்ட் சமர்வெல் என்னும் வைத்தியர், தம்மவருள் ஒருவரேனும் அவர்களோடு மாண்டிருக்கலாகாதா என நொந்து எழுதினார். பின்னர் அவர் தென்திருவிதாங்கூரின் நெய்யூரில் ஏழைகளுக்கு வைத்தியம் செய்தார். 1924ஆம் ஆண்டுப் பயணத்திலும் மலோரிக்கு முன்பே பணியாளர் இருவர் இறந்தனர்.

இவ்வெழுவருக்கும் தாயரும் மனைவியரும் இருந்திருப்பர். அவர்களும் வழிபார்த்து நின்றிருப்பர். ஆனால் அத்துயரம் கடிதமாகவில்லை. ஆவணக் காப்பகம் புகவுமில்லை. எழுதப்பட்ட அன்பே திரையில் அன்பாகத் தோன்றுகிறது. எழுத்தறிவும் ஓய்வும் ஒரு வர்க்கத்தின் உடைமையாயிருந்த உலகில், ஆவணங்களை மட்டும் நம்பும் கலை, தான் அறியாமலே அவ்வர்க்கத்தின் கலையாகிவிடுகிறது.

இருவரைப் பற்றிய படத்தில் எழுவரைத் தேடுவது முறையா எனச் சிலர் வினவலாம். 1924இன் மெய்ம்மைக்காக ஏணியையே அகற்றியவர்களிடம் நாம் இவ்வினாவை எழுப்புவது முறையே. அம்மெய்ம்மையில் உடையும் சப்பாத்தும் எத்துணைப் பங்கினவோ, அதனினும் பெரும்பங்கு சுமந்தவரின் உழைப்புக்கு உண்டு. கூடாரமும் உணவும் பிராணவாயுக் கலங்களும் தாமாக மேலேறவில்லை.

இவ்வாறு பார்ப்பது கலைக்கு இயலாத காரியமுமன்று. 2014 ஏப்ரல் 18இல் எவரெஸ்ற்றின் நேபாளப் பக்கத்தில் பனி சரிந்து தொழிலாளர் பதினாறு பேர் இறந்தனர். அவர்தம் தோழர் அப்பருவத்தில் மேலே செல்ல மறுத்து உரிமை கேட்டனர். ஜெனிபர் பீடம் இயக்கிய ‘ஷேர்ப்பா’ என்னும் 2015ஆம் ஆண்டுப் படம் அவர்களையே நடுவில் நிறுத்தியது. தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளில் மலையும் மாறவில்லை, மாள்பவரும் மாறவில்லை. கமரா நின்ற இடமே மாறியது.

2024இல் ஏர்வினின் பாதமொன்று பனியாற்றிற் கண்டெடுக்கப்பட்டது. காலுறையில் தைத்திருந்த பெயரே அவரை அடையாளங் காட்டியது. அதைக் கேட்டு உலகம் வியந்தது; நாமும் வியந்தோம். எனினும், மாணவருக்கு மலோரியின் துணிவை எடுத்துரைக்கும் நாளில், அத்துணிவின் சுமையைத் தோளில் ஏற்று மாண்ட எழுவரையும் சேர்த்தே சொல்வோம். அதுவே முழு வரலாறு.