மையமற்ற வலை, மையமற்ற வேலை

'மையம்' என்ற சொல்லைத் தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்கள் பாடாய்ப்படுத்தின. மையத்தைத் தகர்த்துவிட்டால் விளிம்பு தானாகப் பேசும் என்றொரு நம்பிக்கை அப்போது இருந்தது. இலக்கியத்தில் அந்தச் சூடு தணிந்துவிட்டது. அதே நம்பிக்கை இப்போது கணினி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. கட்டற்ற மென்பொருள், மாற்று இயங்குதளம், மையமற்ற சமூக ஊடகம் ஆகியவற்றை விடுதலையின் கருவிகளாக முன்வைக்கும் தோழர்களோடு எனக்குப் பெரிய சண்டை கிடையாது. நானும் இவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ஆம்பூரில் இருந்துகொண்டு 'மையமின்மை' என்ற சொல்லை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள முடியவில்லை.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்க, படித்துப் பார்த்து மாற்ற, பிறருக்குக் கொடுக்க, மாற்றியதையும் கொடுக்க என்று நான்கு சுதந்திரங்கள் அந்த இயக்கத்தின் அடிப்படை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸ் வந்தது. இதன் பலனைத் தமிழில் எழுதுகிற நாம் குறைத்துப் பேச முடியாது. எந்தக் கம்பெனியின் தயவுக்கும் காத்திராமல் தன்னார்வலர்களே நமக்கு விசைப்பலகையும் எழுத்துருவும் செய்து கொடுத்தார்கள். தமிழா குழுவின் இ-கலப்பை அதற்குச் சாட்சி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது எழுதுகிறவர்களைக் கேளுங்கள். அவர்கள் கண் பழகிய நஸ்தலீக் எழுத்தைப் பெரும்பாலான கணினிகளும் கைபேசிகளும் நெடுங்காலம் காட்டாமல், நஸ்க் வடிவத்தையே காட்டிவந்தன. நோட்டோ நஸ்தலீக் போன்ற கட்டற்ற எழுத்துருக்களை இன்று யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இனி இதன் மறுபக்கம். விடிகாலையில் ஷூ கம்பெனி வேனுக்காகக் காத்து நிற்கும் பெண்கள் பலரின் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன். அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். அப்படிப் பார்த்தால் கட்டற்ற மென்பொருள் ஆம்பூரில் என்றைக்கோ ஜெயித்துவிட்டது! யாருக்கு விடுதலை கிடைத்தது? அடித்தளம் பொதுவுடைமை, வாசல் கூகிளுடையது. வாசலுக்கு வெளியே கடை போடுகிறவர்களும் தன்னிடம் அடையாளத்தைப் பதிந்துகொண்டாக வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அந்தக் கம்பெனி அறிவித்தது.

பழைய போன் ஒன்றில் லீனியேஜ் ஓ.எஸ். போட்டு, எஃப்-டிராய்டிலிருந்து செயலிகளை இறக்கிப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது. வங்கிச் செயலி மட்டும் இந்தச் சாதனம் பாதுகாப்பானதில்லைன்னு கதவைச் சாத்திக்கொண்டது. என்னிடம் இன்னொரு போன் இருந்ததால் அது வெறும் சுவாரஸ்யமான பிரச்சினையாக முடிந்தது. தையல் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு தங்கையிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "வீட்டுல இருக்கிறதே ஒரு போனு. புள்ள பாடமும் அதுலதான், குழுக் கடனும் அதுலதான், பி.எஃப். ஓ.டி.பி.யும் அதுலதான். அதைப் போயி பிரிச்சு மேயச் சொல்றீங்களேண்ணா" என்றார். ஸ்டால்மனின் நான்கு சுதந்திரங்களுக்கு அடியில் எழுதப்படாத ஐந்தாவது ஒன்று இருக்கிறது: கெட்டுப்போனால் தாங்கிக்கொள்ளும் வசதி.

மையமின்மை ஆம்பூருக்குப் புதிதில்லை. வெளிநாட்டு பிராண்டு ஒன்று ஆர்டர் தருகிறது. ஏற்றுமதிக் கம்பெனி அதை வாங்கி ஒரு பகுதியை ஜாப் ஒர்க் யூனிட்டுக்குத் தள்ளுகிறது. யூனிட்டிலிருந்து ஏஜெண்ட் வழியாக அது வீட்டுத் திண்ணைக்கு வருகிறது. அங்கே ஒரு பெண் பீஸ் ரேட்டுக்கு ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறாள். அவளுடைய முதலாளி யார்? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். வேலை நூறு இடங்களில் சிதறிக் கிடக்க, விலை மட்டும் ஒரே இடத்தில் தீர்மானமாகிறது.

பாலாற்றுக் கதையும் இதுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில் சுமார் 900 டேனரிகள் இருந்தன. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழாகியிருந்ததாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. டேனரி ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். எந்த டேனரியைக் கேட்டாலும் எங்க தண்ணி இல்ல, பக்கத்து ஆளு தண்ணி என்கிற பதில்தான். 'பொது' என்று பெயர் வைத்தாலும் தீர்வதில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள்.

இந்த அனுபவத்தோடுதான் நான் மாஸ்டடானைப் பார்க்கிறேன். ஓய்கன் ரோஷ்கோ 2016இல் தொடங்கியது அது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. அதே வாரங்களில் ட்விட்டரின் சாதிப் பாகுபாட்டைத் தலித், பகுஜன் எழுத்தாளர்கள் கண்டித்தார்கள். இந்தியர்கள் பலர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தார்கள். பலர் திரும்பியும் வந்தார்கள். அங்கே ஒவ்வொரு சர்வரும் ஒரு தனி ராஜ்ஜியம். விதியை எழுதுவது நிர்வாகி. சாதி வசை ஒன்றை வசை என்றே அறியாத ஐரோப்பிய நிர்வாகியிடம் யார் போய் விளக்குவது? பிடிக்கவில்லை என்றால் வேறு சர்வருக்குப் போகலாம் என்கிறார்கள். போகலாம்; நம்மைப் பின்தொடர்பவர்களும் கூட வருவார்கள், எழுதிய பதிவுகள் வராது. ஷூ கம்பெனித் தொழிலாளிக்கும் இந்த உரிமை உண்டுதானே? ஒரு கம்பெனியை விட்டு அடுத்ததற்குப் போகலாம். கூலி பெரிதாக மாறாது, சர்வீஸ் போய்விடும்.

அமைப்பே இல்லாத குழுக்களில் கண்ணுக்குத் தெரியாத அதிகாரம் எப்படி முளைக்கிறது என்று ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்திலேயே அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தை வைத்து எழுதிவிட்டார். அவ்வளவு தூரம் போவானேன்? நம் சிற்றிதழ் உலகமே ஒரு மையமற்ற வலைதான். ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு சர்வர். எத்தனை குட்டி சமஸ்தானங்களைப் பார்த்துவிட்டோம்!

அரசும் எல்லா மையமின்மையையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. 2023 மே மாதம் இந்திய அரசு தடைசெய்த 14 செய்திச் செயலிகளில் கட்டற்ற மென்பொருட்களான எலிமெண்டும் பிரையரும் இருந்தன. காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துகிறார்கள், இங்கே பொறுப்பாகப் பதில் சொல்ல ஆளில்லை என்பதாகக் காரணம் வெளிவந்தது. பதில் சொல்ல ஆளில்லாத செயலி குற்றமாகிறது. திண்ணையில் தைக்கிற பெண்ணுக்குப் பதில் சொல்ல ஆளில்லாதது தொழில்முறையாகிவிடுகிறது.

ஆகவே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வாட்ஸாப்புக்கே சரணடைவோம் என்பதா? கம்பெனி சூப்பர்வைசர் அட்மினாக இருக்கும் வாட்ஸாப் குழுவில் கூலி பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. எனவே மாற்று வேண்டும். ஆனால் கருவி மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் யாரும் லினக்ஸ் பக்கம் போகவில்லை. சொல்லித்தர ஆளில்லை, அவ்வளவுதான்.

ஒரு செயலியை 'மையமற்றது' என்று யாராவது பரிந்துரைத்தால் மூன்று கேள்வி கேட்போம். சர்வர் செலவை யார் தருகிறார்கள்? விதியை யார் எழுதுகிறார்கள்? பழுதானால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? மூன்றுக்கும் 'நாம்' என்று பதில் வர ஒரே வழி, சங்கமோ வாசகர் வட்டமோ தன் சர்வரைத் தானே நடத்துவது, நிர்வாகியைத் தேர்ந்தெடுப்பது, வரவுசெலவைப் பொதுக்குழுவில் படிப்பது. இது மெதுவான, சலிப்பான வேலை.

மென்பொருளை மாற்றும் உரிமை உரிமத்தில் எழுதியிருக்கிறது. யாரைக் கேட்டு, யாருக்காக மாற்றுவது என்பது அதில் இல்லை. அதை நாம் கூடித்தான் பேச வேண்டும். கூட்டத்தை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் உட்கார்ந்து பேசக்கூடிய நேரம் எது என்பதை முதலில் அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.