ஒன்பது ஐந்தாகும் கணக்கு

விரிஞ்சிபுரத்திலிருந்து காட்பாடி வி.ஐ.டி.க்கோ பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கோ போய் டிஜிட்டல் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு கார்னாஃப் வரைபடம் அத்துப்படி. 1953இல் மாரிஸ் கார்னாஃப் வெளியிட்ட முறை அது. அதில் கிடைப்பது இரண்டே அடுக்கு: ஒரு வரிசை ஆண்ட் கேட்டுகள், அவற்றைச் சேர்க்கும் ஓர் ஆர் கேட். ஆனால் சிப்புக்குள் ஓடுவது பல அடுக்கு லாஜிக். அதைச் சுருக்கும் கலையைத் தொடாமலே பலர் பட்டம் வாங்கிவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

அஇ + அஈ + ஆஇ + ஆஈ + உ என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 9 எழுத்துகள். இந்த ஆண்ட்-ஆர் ஈரடுக்கில் இதற்குமேல் சுருங்காது. காரணிப்படுத்தினால் (அ + ஆ)(இ + ஈ) + உ. 5 எழுத்துகள்தான். இரண்டு உள்ளீட்டு கேட்டுகளாக எண்ணினால் 8 இருந்த இடத்தில் 4. 1கள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்லும் பாரிட்டி சர்க்யூட்டில் வித்தியாசம் மலைக்க வைக்கும்: 8 பிட்டுகளுக்கு ஈரடுக்கில் 128 பெருக்கல் உறுப்புகள் வேண்டும், ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது. பல அடுக்கில் 7 எக்ஸார் கேட்டுகள் போதும்.

ஈரடுக்குக்குத் துல்லியமான விடை காணும் வழியை 1950களிலேயே குவைனும் மெக்ளஸ்கியும் தந்துவிட்டார்கள். பல அடுக்கில் அது கைகூடவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செய்பவர் ஒரு தோலின்மேல் டைகளை எப்படியெல்லாமோ மாற்றி வைத்துப் பார்ப்பார். இதைவிடச் சிக்கனமான அமைப்பு கிடையாது என்று அவரால் சத்தியம் செய்ய முடியாது. பெரிய சர்க்யூட்டிலும் அதே நிலைமைதான். நல்ல விடையோடு திருப்திப்பட வேண்டும்.

அந்த நல்ல விடைக்கு வழி திறந்தது கர்னல் என்ற கருத்து. பிரேட்டனும் மெக்மல்லனும் 1982இல் முன்வைத்தது. மேலே உள்ள கோவையை இ-யால் வகுத்தால் மிஞ்சும் (அ + ஆ) ஒரு கர்னல். ஈ-யால் வகுத்தாலும் அதுவே வரும். ஆகவே ஒருமுறை கட்டி இரண்டு இடத்திலும் பயன்படுத்தலாம். 1987இல் பெர்க்லியில் உருவான மிஸ் மென்பொருள் இதை ஆயிரக்கணக்கான கேட்டுகளுக்குச் செய்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1985இல் பட்டம் பெற்று பெர்க்லி சென்ற ஸ்ரீநிவாஸ் தேவதாஸ் இத்துறையில் ஆழ உழைத்தவர். அபிஜித் கோஷ், கர்ட் கோய்ட்சருடன் 1994இல் அவர் எழுதிய 'லாஜிக் சிந்தசிஸ்' இன்றும் படிக்கத்தக்கது.

பின்னர் ஆலன் மிஷ்சென்கோ குழுவின் ஏபிசி என்ற மென்பொருள் வந்தது. எல்லாவற்றையும் இரண்டு உள்ளீட்டு ஆண்ட் கேட்டாகவும் இன்வெர்ட்டராகவும் உடைத்துவிடும். 4 உள்ளீடுகளுக்கு 65,536 ஃபங்ஷன்கள். உள்ளீடுகளை இடம் மாற்றியும் தலைகீழாக்கியும், வெளியீட்டைத் தலைகீழாக்கியும் ஒப்பிட்டால் அவை 222 வகுப்புகளில் அடங்குகின்றன. வகுப்புக்கு வகுப்பு நல்ல வடிவங்களை முன்கூட்டியே சேமித்து வைத்தால், சர்க்யூட்டின் சிறு சிறு துண்டாக மாற்றிக்கொண்டே போகலாம். எனக்கு இத்துறையிலேயே மிகப் பிடித்த யோசனை இது. ஆனால் 5 உள்ளீடுகளானால் வகுப்புகள் 616,126 ஆகிவிடும்; அத்தனைக்கும் சேமித்து வைப்பது எளிதல்ல.

கர்னலைப் போல ஒன்றைக் கட்டிப் பல இடங்களில் பகிர்வதற்கும் விலை உண்டு. ஒரே கேட் பல இடங்களுக்கு ஓட்டம் கொடுத்தால் சுமை ஏறி சிக்னல் தாமதமாகும். நேரம் போதாத பாதையில் பகிர்ந்ததையே மறுபடி இரண்டாகக் கட்ட நேரிடும். எந்த ஆலையில் வார்க்கிறோம் என்பதும் கணக்கை மாற்றும். சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி புராசசர் சிப்புகள் 2018இல் இன்டெலின் 22 நானோமீட்டரிலும் சண்டிகர் அருகிலுள்ள ஆலையின் 180 நானோமீட்டரிலும் வார்க்கப்பட்டன. இரண்டிலும் கேட்டுகளின் வேகம் வேறு, பரப்பு வேறு. அதனால் ஆலை மாறும்போதெல்லாம் எதைப் பகிர்வது, எதைப் பிரிப்பது என்று மென்பொருள் முதலிலிருந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது.