பொரிப்பகமும் கரையும்

மீனவர் பங்குனி ஆமை என்று வழங்கும் சித்தாமை, தை முதல் பங்குனி வரை சென்னையின் இருபுறத்துக் கரைகளிலும் இரவில் ஏறி, பின்துடுப்புகளால் குடுவை வடிவில் குழி பறித்து, நூறு முட்டைகளுக்குமேல் இட்டு மூடிவிட்டுக் கடல் புகுகிறது. அம்முட்டைகளை விடியுமுன் எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, 45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடும் கைங்கரியத்தை 1970களில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் இங்கே தொடங்கினர், 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் அதை ஏற்று நடத்துகின்றனர், வனத்துறையும் செய்துவருகிறது. அதன் பிரயோஜனத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அதன் எல்லையைப் பற்றியே என் கவலை.

சென்னைக்கு வடக்கே துறைமுகம் அமைந்த காட்டுப்பள்ளியில் பொரிப்பகத்தின் அவசியம் கண்கூடு. கடலின் மேல் தெரியும் மெல்லிய வெளிச்சத்தையே வழிகாட்டியாகக் கொண்டு மணலைக் கீறிவரும் குஞ்சு, துறைமுகத்து விளக்குகளைக் கண்டால் கடலுக்குப் புறங்காட்டி நிலத்தின் பக்கம் ஊர்ந்து, விடிந்ததும் காக்கைக்கு இரையாகும். நாயும் நரியும் முட்டையைத் தோண்டித் தின்னும். இத்தகைய கரையில் முட்டையை இயற்கையிடமே விட்டுவிடுங்கள் என்பது தத்துவமாகலாம், தயையாகாது.

ஆயினும் முட்டை ஒரு நுட்பமான ஜீவன். இட்ட சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்குமாதலால், பிறகு எடுப்பவர் கை சற்றே புரட்டினாலும் அது மடிந்துபோகும். அன்றியும் சித்தாமையின் ஆண் பெண் பேதத்தை விதிப்பது மணலின் உஷ்ணமே: ஏறத்தாழ 29 பாகை செல்சியஸை ஒட்டி இருபாலும் கலந்து பிறக்கும், அதற்கு மேல் பெண்ணே மிகும். நிழலற்ற வேலிக்குள் ஒரே விதமான குழிகளில் நூற்றுக்கணக்கான முட்டைகளைப் புதைப்பவர், தாம் அறியாமலே ஒரு தலைமுறையின் விகிதத்தை மாற்றிவிடக்கூடும். வெப்பமானியும் கீற்றுப் பந்தலும் இல்லாத பொரிப்பகம் பாதிக் காரியமே.

இதனினும் பெரிய குறை வேறொன்று. மூச்சுவிட நீர்மேல் வந்தாக வேண்டிய பிராணி, விசைப்படகின் இழுவை மடி வலையில் சிக்கினால் திணறி மாய்கிறது. கரையோரக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாதென்று 1983 ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் தடை இருந்தும், 2025 தொடக்கத்தில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் உயிரற்று ஒதுங்கின. பல்லாண்டுகள் வளர்ந்து முட்டையிடும் பருவம் எய்திய ஒரு தாயின் இழப்பை எத்தனை கூடைக் குஞ்சுகளால் ஈடுசெய்ய முடியும்?

கரையே தேய்கிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், பின்னர் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அலைதடுப்புச் சுவர்களை நீட்டியபின், ஆண்டில் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்கே தேங்க, வடகரையைக் கடல் அரிக்கிறது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய இடத்தில் ஏறும் ஆமை, பாறையில் முட்டி, முட்டையுடனே திரும்புகிறது. ஆண்டுதோறும் விடுவித்த குஞ்சுகளின் தொகையை அறிவிக்கும் அதே பலகையில், கரையொதுங்கிய தாய்களின் தொகையும், முட்டையிட மணல் எஞ்சிய கரையின் நீளமும் எழுதப்பட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.