முதலடியும் ஈற்றடியும்

புறநானூற்றின் 192-ஆம் பாடலைப்போல் அடிக்கடி மேடையேறும் சங்கப்பாடல் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. கணியன் பூங்குன்றனாரின் அப்பாடல் 13 அடிகளால் ஆயது. மேடைக்கு வருவதோ பெரும்பாலும் முதலடி மட்டுமே. 2019 செப்டம்பர் 27-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் இந்தியப் பிரதமர் எடுத்துரைத்ததும் அவ்வடியே. உலகோர் அனைவரும் உறவினர் என்னும் அக்கருத்தைத் தமிழர் மகிழ்ந்து கேட்டனர்.

அதே மாதம் 12-ஆம் நாள், தாம்பரத்தை அடுத்த பள்ளிக்கரணையில், கட்சிப் பிரமுகர் ஒருவரின் இல்லத் திருமணத்திற்கெனச் சாலை நடுவே நாட்டிய பதாகை சரிந்தது. இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் நிலைதடுமாறி வீழ்ந்து, பின்வந்த தண்ணீர் லாரியில் சிக்கி மாண்டார். இவ்விரு செய்திகளையும் ஒருங்கே வைத்து எண்ணுவோர்க்கு அப்பாடலின் ஈற்றடிகள் நினைவுக்கு வருதல் வேண்டும். உயர்ந்தோரைக் கண்டு தாம் மலைத்து நிற்பதில்லை என்றும், எளியோரைத் தாழ்வாக நோக்குவது அதைவிடவும் இல்லை என்றும் புலவர் அங்கே முடிக்கிறார். மலைப்பையே முதலாக வைத்து நடக்கும் மேடையில் அவ்வடிகளுக்கு இடம் ஏது?

மேடையை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பொத்தேரி நிலையத்தில் செங்கற்பட்டு மின்தொடர் நிற்கையில் ஏறும் வெளிமாநிலக் கட்டடத் தொழிலாளரைக் குறித்து, 'வடக்கன்' என்ற சொல்லை நம்மவர் எத்துணை ஏளனமாக உச்சரிக்கின்றனர்! முதலடியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களே அவர்கள்.

நம் பிரசங்கங்களிலும் இப்பாடல் படும் பாடு பெரிது. முதலடியைப் பெயர்த்தெடுத்துக் கடவுளின் பிதாத்துவத்தோடு ஒட்டவைத்து விடுகிறோம். புலவரோ பொதுவான தந்தை ஒருவரைப் பற்றிப் பேசவில்லை. மழைநீர் பெருகிப் பாறையில் மோதி ஓடும் ஆற்றில் தெப்பம் செல்வதுபோல உயிர் 'முறை'யின்வழிச் செல்கிறது என்பதே அவர்தம் அடிப்படை. இதனை வெறும் ஊழ்வாதம் என்று தள்ளுவாரும் உளர். நான் அதற்கு உடன்படேன். தெப்பத்தில் செல்வோருள் தருக்குதற்கு உரியார் எவருமிலர் என்பதே அதன் கருத்து. ஆயினும் அது நமது படைப்புக் கோட்பாடு அன்று; அவ்வேறுபாட்டை மறையாது உரைப்பதே நேர்மையான வியாக்கியானம். பவுலின் வாக்கியமொன்றைச் சூழலினின்று பிரித்து விளக்கும் மாணவனுக்கு மதிப்பெண் குறைக்கும் நாம், பூங்குன்றனாருக்கு மட்டும் அந்நீதியை மறுப்பது ஏன்?

அடிப்படை வேறாயினும் ஈற்றடிகள் யாக்கோபு நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்துக்கு மிக அண்மையில் நிற்கின்றன. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்லிடமும், கந்தை உடுத்த ஏழைக்குப் பாதபடியருகே இடமும் காட்டும் சபையை அங்கே காண்கிறோம். நம் கன்வென்ஷன் சுவரொட்டிகளில் பிரசங்கியாரின் படம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதையும், அச்சுவரொட்டியை இரவில் ஒட்டியவர் மறுநாள் கூட்டத்தில் எங்கே அமர்ந்திருந்தார் என்பதையும் வாசகர் தாமே நோக்கலாம்.