துயரத்தின் சமூகத்தளம்: ஓர் ஐரிஷ் காதல் நாவல் பற்றிய சில சிந்தனைகள்

காதல் நாவல்களை மலினமான வாசிப்புப் பொருள் என ஒதுக்கிவிடுதல் விமர்சகர்க்கு எளிது. ஆயின், வாசகர் பலர் தம் இழப்புகளுக்கு ஓர் உருவத்தைத் தேடுவது இத்தகைய நூல்களிலேயே என்பதால், அவை வழங்கும் உருவம் யாது என்ற வினா தவிர்க்கவியலாததாகின்றது. 2004இல் வெளிவந்து, 2007இல் திரைப்படமாகவும் ஆக்கப்பெற்ற சிசிலியா ஏகேர்னின் 'பி.எஸ். ஐ லவ் யூ' இவ்வகையில் நோக்கத்தக்கது. ஆசிரியை அயர்லாந்தின் பிரதமராயிருந்தவரின் மகள் என்பதைக் கொண்டே நாவலை எடைபோடுவது கொச்சைச் சமூகவியலாகும்; படைப்பே நமக்கு முக்கியம்.

ஜெரி மூளைக் கட்டியினால் இறக்கிறான். மனைவி ஹொலிக்கு, மார்ச் முதல் டிசம்பர் வரை மாதத்துக்கொன்றாகத் திறக்கவேண்டிய பத்துக் கடிதங்களை விட்டுச்செல்கிறான். கட்டிலருகே வைக்க ஒரு விளக்கு வாங்கும்படி முதற் கடிதம் கூறுகின்றது. இரவில் எழுந்து விளக்கணைப்பது யார் என்று இருவரும் பிணங்கிய இல்லறத்தின் நினைவு அது. அற்ப விடயமொன்றில் இழப்பின் முழுக் கனத்தையும் ஏற்றிக்காட்டும் இவ்விடத்தில் ஆசிரியையின் ஆற்றல் புலப்படுகின்றது. ஆயின் பாட்டரங்கு, விடுமுறைப் பயணம், புதிய தொழில் எனக் கடிதங்கள் தொடர, துயரம் ஒரு மாதாந்த வேலைத்திட்டமாகின்றது. பெண்ணின் மீட்சிக்கான கட்டளைகளை இறந்த பின்னரும் கணவனே பிறப்பிக்கிறான் என்பது கவனத்திற்குரியது.

இதே மண்ணில் 1773இல் கணவனைப் பறிகொடுத்த இன்னொரு பெண்ணின் குரல் இங்கு நினைவுக்கு வருகின்றது. கொலையுண்ட ஆர்ட் ஓ லீரிக்காக அவன் மனைவி ஐலீன் பாடியதாகக் கொள்ளப்படும் ஐரிஷ்மொழி ஒப்பாரி, வாய்மொழியாக வழங்கிப் பின்னர் எழுத்துருப் பெற்றது. கத்தோலிக்கரை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்களின் காலம் அது. அவளது புலம்பல் ஊரறிய எழுந்தது. கொலைக்குக் காரணமானவனைப் பெயர்சொல்லிச் சபித்தது. துயரம் அங்கே சமூகத்தின் முன் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. ஹொலியின் துயரமோ அடைத்த கதவுக்குள், முத்திரையிட்ட உறைக்குள் இருக்கின்றது. நோய்ச்சாவுக்குச் சபிக்க ஒருவரில்லை என்பது உண்மையே. எனினும், 1990களின் நடுப்பகுதியிலிருந்து 2007 வரை செல்வம் பெருகிய அயர்லாந்தின் நடுத்தர வர்க்கம், துன்பத்தையும் தனிமனிதர் தாமே சீர்செய்ய வேண்டிய குறைபாடாகக் கருதத் தலைப்பட்டதை இம்மாற்றத்திற் காணலாம்.

ஆயினும் நாவல் தன் திட்டத்தைத் தானே மீறும் இடமொன்றுண்டு. ஹொலியின் பாழடைந்த தோட்டம் யாரோ ஒருவரால் இரகசியமாகச் சீராக்கப்படுகின்றது. அவ்வாறு செய்தவன், குடும்பத்தில் எவரும் அதிகம் விரும்பாத மூத்த தமையன் றிச்சர்ட். அவனது மணவாழ்வும் முறிந்துள்ளது. எந்தக் கடிதமும் விதிக்காத இவ்வுழைப்பில், துயருற்ற ஒருவர் துயருற்ற மற்றொருவரைத் தாங்கும் மானிட உறவு வெளிப்படுகின்றது. பொழுதுபோக்கு நாவலின் வாய்பாடு எதிர்பார்ப்பதுபோல டானியலுடன் காதல் கைகூடுவதாகவும் கதை முடியவில்லை. அவன் தன் பழைய காதலியிடமே திரும்புகிறான்.

எனவே, இந்நாவலின் குறை அது கண்ணீரை வரவழைப்பதன்று. அக்கண்ணீரைப் பெரிதும் தனியுடைமையாக்குவதே. அதன் நிறைவோ கடிதங்களிலன்றித் தோட்டத்திலேயே உள்ளது. ஜனரஞ்சக இலக்கியத்தை அணுகும் முற்போக்கு விமர்சனம் அக்குறையைச் சுட்டுவதுடன் அமையாது, இந்நிறைவையும் இனங்காணுதல் வேண்டும். ஏனெனில் வாசகர் அந்நூலை நாடிச்செல்வது அதன் பொருட்டாகவும் இருக்கலாம்.